உப்புக் காற்றும் ஒப்பந்தத் தாளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சினிமாவை நம்பியிராமல் தாமே எழுதி, மெட்டமைத்து, பியானோ வாசித்துப் பாடி வெளியிடும் கலைஞர்களைப் பற்றி அண்மையில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். திறமை, விடாமுயற்சி, வீட்டார் ஆதரவு எல்லாம் அதில் இருந்தன. பியானோவுக்கு எந்த மாதத்தில் சுருதி சேர்ப்பது, பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதை எங்கே எழுதி வைப்பது என்கிற இரண்டு விஷயங்கள்தான் இல்லை. புதுச்சேரியிலும் கடலூரிலும் இந்த வழியில் இறங்குகிறவர்கள் சில ஆண்டுகளிலேயே கையைச் சுட்டுக்கொண்டு ஒதுங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த இரண்டுதான். சுருதி சேர்ப்பதும் ஒலிப்பதிவும் எங்கள் தொழில் என்பதால் எழுதுகிறோம். கடிதம் நீளம்; பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கருவியிலிருந்து தொடங்குகிறோம். ஒரு பியானோவுக்குள் ஏறத்தாழ 230 கம்பிகள் இருக்கின்றன. அடிமந்திரத்தில், அதாவது மிகக் கீழ் ஸ்தாயியில், ஒரு கீக்கு ஒரு கம்பி, அதற்கு மேல் இரண்டு, நடுப்பகுதியிலிருந்து உச்சி வரை மூன்று மூன்று. எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 18 முதல் 20 டன் வரை இருக்கும். அதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். ஒலியை அறை முழுவதும் கொண்டுபோவது ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த ஒலிப்பலகை. இரும்பு அசையாது, மரம் அசையும். காற்றில் ஈரம் ஏறினால் பலகை உப்பி மேலெழும். அதன் மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் குதிரை என்ற மரக்கட்டை அவற்றை நெம்ப, சுருதி ஏறும். காற்று காய்ந்தால் பலகை தணிந்து சுருதி இறங்கும். எல்லாக் கம்பிகளும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் பாடுகிறவருக்குத் தொல்லையில்லை. அப்படி நடப்பதில்லை. நடு ஸ்தாயி அதிகமாக நகரும், மந்திரம் கொஞ்சமாக நகரும். அதனால்தான் இடது கையும் வலது கையும் வேறு வேறு பியானோவில் வாசிப்பது போலக் கேட்கிறது. பலரும் தங்கள் குரலில் குறை என்று நினைப்பது பல சமயம் இதைத்தான்.

பியானோவுக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம். நம் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் 80-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். இங்கே ஈரப்பதத்தை 50-க்குக் கொண்டுவர முடியாது. ஒரே நிலையில் வைத்திருக்க முயலலாம். மாலையில் மட்டும் இரண்டு மணி நேரம் ஏசி போட்டு அணைப்பது, ஏசியே இல்லாமல் இருப்பதைவிட மோசம். குளிர்ந்த கம்பியின் மேல் கடற்காற்றின் ஈரம் பூத்துவிடும். கருவியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல், சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி உட்சுவர் பக்கம் வையுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வேண்டவே வேண்டாம். நிமிர்ந்த பியானோவின் அடியறையில் பொருத்துகிற, 25 முதல் 40 வாட் வரையிலான வெப்பக் குழல் கிடைக்கிறது. மழைக்காலம் முழுக்க அதை அணைக்காமல் ஓடவிட வேண்டும். வெயில் காலத்திலும் அதை மறந்து ஓடவிட்டால் பலகை வறண்டு விரிசல் விழும். பத்து நாளுக்கு ஒருமுறை பார்க்க ஓர் ஈரப்பதமானியை மூடிக்குள் வைத்துவிடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

சுருதி சேர்க்கும் காலம் இன்னொரு சிக்கல். டிசம்பர் கச்சேரிக்காக நவம்பர் மழையில் டியூனரைக் கூப்பிடுகிறார்கள். அப்போது பலகை உப்பிய நிலையில் இருக்கும். அந்த நிலைக்குச் சேர்த்த சுருதி மாசியில் தொங்கிவிடும். தை பிறந்து இரண்டு வாரம் கழித்து ஒன்று, ஆடி வாக்கில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு முறை இந்தக் கரைக்குச் சரியாக இருக்கும். கச்சேரியோ ஒலிப்பதிவோ இருந்தால் அதற்கு முந்தைய நாள் லேசாக ஒரு திருத்தம். பல ஆண்டுகள் தொடாத பியானோவின் ஏ ஸ்வரம் 440-இலிருந்து 435 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருந்தால், அது அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதை ஒரே அமர்வில் ஏற்றி நிறுத்த முடியாது. முதலில் எல்லாக் கம்பிகளையும் தோராயமாக ஏற்றிவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து நுணுக்கமாகச் சேர்க்க வேண்டும். துருப்பிடித்த கம்பி ஏற்றும்போதே அறும். பெரும்பாலும், கம்பியை முறுக்கி நிறுத்தும் முளையைச் சுற்றிய வளையத்தில்தான். கம்பிகள் அந்த நிலையில் இருந்தால் 435-லேயே விட்டுவிடுவதுதான் விவேகம். ஆனால் உடன் வாசிப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வயலின்காரர் இறக்கிக்கொள்வார், புல்லாங்குழல்காரரும் கீபோர்டுகாரரும் என்ன செய்வார்கள்?

மழையில் கீ ஒட்டிக்கொண்டால் எண்ணெய் விடாதீர்கள். கீயின் நடுவில் உள்ள கம்பளிப் பட்டை ஈரத்தில் பருத்ததுதான் காரணம். அதற்கென்று உள்ள இடுக்கியால் மெல்ல அழுத்தினால் போதும். துருநீக்கி ஸ்பிரேயை முளைகளில் அடித்தால் அது முளைகள் பதிந்திருக்கும் மரக்கட்டைக்குள் இறங்கிவிடும். பிறகு முளை பிடிப்பில்லாமல் சுழலும், எந்த டியூனராலும் நிறுத்த முடியாது. அப்படிக் கெட்ட பியானோவைத்தான் பழைய சாமான் கடையில் பளபளவென்று பாலிஷ் போட்டு விற்கிறார்கள். வாங்கப் போகிறவர்கள் பாலிஷைப் பார்க்காமல், ஒரு சுருதிச் சாவியோடு ஒருவரை அழைத்துப் போங்கள். முளை சாவிக்கு எதிர்ப்புக் காட்டுகிறதா, பின்பக்கம் கரையான் மண் இருக்கிறதா, சுத்தியல் கம்பளியைப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒலிப்பலகையில் மெல்லிய விரிசல் இருந்தால் பயப்பட வேண்டாம். அதிர்ந்து இரைந்தால்தான் கவலை.

2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊர் இது. தாழ்வான தெருவில், தரைத்தளத்தில், 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவியை வைத்துக்கொண்டு புயல் எச்சரிக்கை வந்த பிறகு தூக்க முடியாது. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் யோசனை இதுதான்: மரப் பியானோ வாங்காதீர்கள். மரப் பியானோ போலவே விரலுக்கு எடை தரும் 88 கீ கொண்ட டிஜிட்டல் பியானோவில் பழகுங்கள். ஒலிப்பதிவுக்கு ஒருநாள் நல்ல மரப் பியானோவைத் தேடிப் போங்கள். டிஜிட்டலுக்கும் உப்புக் காற்று ஆகாது. ஏதாவது ஒரு கீ மட்டும் திடீரென்று உரக்க அடித்தால் அதன் அடியில் உள்ள ரப்பர் தொடுமுனையில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. கழற்றித் துடைத்தால் சரியாகும்.

பயிற்சிக்கு இங்கே குறையில்லை. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் அமைப்புகளின் இசைத் தேர்வுகள் எட்டு நிலை வரை இருக்கின்றன. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் உண்டு. சிதம்பரத்தில் 1929-இலிருந்து இசைக்கல்வி நடக்கிறது. தேர்வுப் பாடத்தில் வராத ஒன்றுதான் தமிழில் மெட்டுப் போடுகிறவருக்குத் தேவைப்படுகிறது: சொந்தக் குரலுக்கேற்ற கட்டையில், அதாவது ஆதார சுருதியில், எழுதுவது. ஒரு கட்டை என்பது சி, ஐந்து என்பது ஜி, ஐந்தரை என்பது ஜி ஷார்ப். வெள்ளைக் கீகள் வசதி என்று எல்லா மெட்டையும் சி-யில் எழுதிவிட்டு, பாடும்போது தொண்டை எட்டவில்லை என்று, சுருதியை நகர்த்தும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்துகிறார்கள். அதை அடுத்த பாட்டுக்கு முன் அணைக்க மறந்தால் மேடையில் மானம் போகும். ஒலிப்பதிவுக்கு மரப் பியானோ முன் உட்கார்ந்தால் பொத்தானே இருக்காது. ஐந்தரைக் கட்டைக்காரர் அந்தக் கட்டையிலேயே விரல் பழக வேண்டும். ஒரு மாதத்தில் வந்துவிடும்.

பியானோவின் ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்கும். நம் குரல் நிற்காது. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே ஊசலாடுவது. அதே மெட்டை வலது கையில் கூடவே வாசித்தால் இரண்டும் உரசும். போதாததற்கு, பியானோவின் அந்தர காந்தாரம் தம்பூராவில் தானாக ஒலிப்பதைவிட 14 சென்ட் உயரம். அரை ஸ்வரம் 100 சென்ட் என்று கொண்டால் காதில் படுகிற வித்தியாசம். அதனால் தம்பூராவையும் பியானோவையும் சேர்த்து ஒலிக்க விட்டால் நீண்ட காந்தாரத்தில் நிற்காதீர்கள். இடது கையில் ச–ப மட்டும் வைத்துக் காந்தாரத்தைக் குரலுக்கு விட்டுவிடுங்கள். பாடும்போது மெட்டை வாசிக்காமல், மூச்சு விடும் இடங்களில் பியானோ பதில் சொல்லட்டும். பாடகர் சிக்கில் குருசரணும் பியானோ கலைஞர் அனில் ஸ்ரீநிவாசனும் சேர்ந்து செய்த கச்சேரிகளைக் கேட்டால், குரல் அசைகிற இடத்தில் பியானோ எப்படி ஒதுங்கி நிற்கிறது என்பது விளங்கும். மோகனம், ஹம்ஸத்வனி, சங்கராபரணம் பியானோவுக்கு இணங்கி வரும். தோடியையும் சஹானாவையும் முதல் ஆல்பத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் சொந்த அபிப்பிராயம்.

ஒலிப்பதிவில் எல்லோரும் பாடிக்கொண்டே வாசிக்க விரும்புகிறார்கள். உயிர் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குரல் மைக்கில் பியானோவும், பியானோ மைக்கில் குரலும் ஏறிவிடும். ஒரு சொல் பிசகினால் அதை மட்டும் மாற்ற முடியாது. அப்படித்தான் வேண்டுமென்றால், குரலுக்கு எட்டு வடிவில் பிடிக்கும் மைக்கை எடுத்து, அதன் செவிட்டுப் பக்கத்தைக் கம்பிகளை நோக்கித் திருப்புங்கள். பியானோ மைக்குகள் இரண்டையும் அவை கம்பியிலிருந்து இருக்கும் தூரத்தைப்போல் மூன்று மடங்கு இடைவெளியில் வையுங்கள். நெருங்கினால் ஒன்றன் அலையை மற்றொன்று தின்று ஒலி உள்ளீடற்றுப் போகும். மின்விசிறி, ஏசி இரண்டும் அணைந்திருக்க வேண்டும். பெடலின் கீச்சு, இருக்கையின் முனகல் எல்லாம் பதிவுக்கு முன் தீர்க்க வேண்டியவை. மாஸ்டரில், அதாவது இறுதிப் பிரதியில், ஒலியை நசுக்கி உரக்க ஆக்குவதால் பயனில்லை. ஸ்பாட்டிஃபை -14 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு எல்லாவற்றையும் சமப்படுத்திவிடுகிறது. நசுங்கிய பியானோ நசுங்கியபடியே கேட்கும்.

விடுதிகளிலும் கடற்கரைச் சாலை நிகழ்ச்சிகளிலும் வாசிப்பவர்களுக்கு இரண்டே குறிப்பு. ஒலிபெருக்கிக்காரர் ஒரே ஒரு வயர் தந்தால், கருவியின் பின்னால் எல்/மோனோ என்று எழுதிய துளையில் மட்டும் செருகுங்கள். வலதில் செருகினால் பாதிப் பியானோதான் கேட்கும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடியில் டிஜிட்டல் பியானோ அணைந்து முதலிலிருந்து தொடங்கும். கணினிக்குப் போடுகிற 600 விஏ யுபிஎஸ் ஒன்று கையோடு இருந்தால் பாட்டு நிற்காது. இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. நிகழ்ச்சி நிரலைப் பத்துக்குப் பத்து நிமிடம் முன்பே முடிகிற மாதிரி போடுங்கள்.

இனி தாள். பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டு எழுதப்பட்ட கணத்திலேயே உரிமை பிறக்கிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்துகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. வரிகளும் மெட்டும் எழுதியவருக்கு. ஒலிப்பதிவு, அதை எடுக்க முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்ற தயாரிப்பாளருக்கு. ஸ்டூடியோ செலவை நண்பர் ஏற்றிருந்தால், நாளை அவர்தான் தயாரிப்பாளர் என்று வாதிட இடமுண்டு. நட்பு இருக்கும்போதே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வரிகளுக்கு எத்தனை சதவீதம், மெட்டுக்கு எத்தனை, ஒலிப்பதிவு யாருக்கு என்று அதில் இருக்க வேண்டும். வரி, மெட்டு இரண்டின் சதவீதத்தையும் கூட்டினால் நூறு வர வேண்டும். வாய்மொழியாக உரிமையை மாற்ற முடியாது. எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எழுதிய தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். 2012 திருத்தத்துக்குப் பின், கவிஞரும் இசையமைப்பாளரும் தங்கள் சம பங்கு ராயல்டியை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. 'எல்லா உரிமையும் எங்களுக்கே, ராயல்டி கேட்கமாட்டேன்' என்று யாராவது தாள் நீட்டினால் அந்த ஒரு வரி செல்லாது. மற்ற வரிகள் செல்லும் என்பதால் முழுவதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பதிவு செய்ய விரும்பினால் வரிகளுக்கு 500 ரூபாய், மெட்டுக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000. விண்ணப்பித்த பின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் மூவாயிரம் செலவழிப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அதைவிட அவசரம், கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும், 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராவது. உறுப்பினர் ஆனதோடு விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக அங்கே பதிய வேண்டும். இல்லையேல் பணம் வந்தாலும் யாருக்கென்று தெரியாமல் கிடக்கும். நம் ஊர்க்காரர்களுக்குப் பெயர்தான் பெரிய பிரச்சினை. இனிஷியல் ஒரு பாட்டில் முன்னால், ஒரு பாட்டில் பின்னால், இன்னொன்றில் இல்லவே இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டும் மூன்று விதம். கணினிக்கு அவர்கள் மூன்று பேர். பான் அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டையே எங்கும் பயன்படுத்துங்கள். பாடுகிறவர் என்ற வகையில் வரும் ராயல்டிக்குச் சங்கம் வேறு, ஐசாம்ரா (ISAMRA; முன்பு ஐஸ்ரா). அதையும் விடாதீர்கள்.

இணையத்தில் ஏற்றும் முகவர் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண் (எழுத்தும் இலக்கமும் கலந்த 12 குறிகள்) தருவார். அதை நோட்டில் எழுதி வையுங்கள். முகவரை மாற்றும்போது பழைய எண்ணையே கொடுத்தால்தான் கேட்டோர் கணக்கு தொடரும். ஆண்டுச் சந்தா வாங்கும் முகவர் என்றால், சந்தா நின்றவுடன் பாட்டு கடையிலிருந்து இறங்கிவிடலாம். சேருமுன் அந்த விதியைப் படியுங்கள். வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றிவிட வேண்டும். ஸ்பாட்டிஃபை ஆசிரியர்களுக்குப் பாட்டை முன்வைக்க ஏழு நாளாவது வேண்டும். 2024-இலிருந்து, 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடாத பாட்டுக்கு அங்கே ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. ஆகவே பத்துப் பாட்டை ஒரே நாளில் கொட்டுவதைவிட, மாதம் ஒன்றாக விட்டு ஒவ்வொன்றையும் அந்த எல்லையைத் தாண்டவைப்பது மேல். யூடியூபில் வருமானம் வருகிறவர்கள் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பிவிட வேண்டும். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர் பங்குக்கு மட்டும் 15 சதவீதம். நிரப்பாவிட்டால் மொத்தத்திலும் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள்.

சினிமாப் பாட்டைப் பியானோவில் பாடி வெளியிடுவது பற்றி ஒரு வார்த்தை. 'ஐந்து வருஷம் ஆன பாட்டு, யாரும் பாடலாம்' என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. சட்டத்தின் 31சி பிரிவில் அப்படி ஒரு வழி இருப்பது உண்மை. ஆனால் முன்னறிவிப்பு தர வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். தனியாள் கட்டக்கூடியதா அது? யூடியூபில் போட்டால் பெரும்பாலும் விளம்பரப் பணம் உரிமையாளருக்குப் போகும், அவ்வளவுதான். பெயர் பரவ உதவும், வயிற்றுக்கு உதவாது. இணையத்தில் வாங்கிய தாளத்துணுக்கின் மேல் மெட்டுக் கட்டியவர்கள் அதை, உரிமையுள்ள ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி-யில் பதியக் கூடாது. அதே துணுக்கை வாங்கிய ஆயிரம் பேர் மேல் உரிமை கோரல் பாயும், கடைசியில் உங்கள் கணக்குதான் முடங்கும்.

வரிகளுக்குத் திண்டாடுகிறவர்கள் சொந்த ஊரைத் திரும்பிப் பார்க்கலாம். 1908 முதல் 1918 வரை பாரதியார் வாழ்ந்த ஊர் இது. அவர் பாடல்கள் பொதுவுடைமை. வடலூர் வள்ளலாரின் அருட்பா எப்போதோ பொதுவுடைமை. 1964-இல் மறைந்த பாரதிதாசனின் எழுத்துக்குச் சட்டத்தின் 60 ஆண்டுக் காலமும் 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. யாரிடமும் கேட்காமல் புது மெட்டுப் போடலாம். ஏற்கெனவே சினிமாவில் வந்த மெட்டை மட்டும் தொடாதீர்கள். வரிகள் பொது என்றாலும் அந்த மெட்டுக்கு இன்னொருவர் சொந்தக்காரர்.

உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். நம் பகுதிப் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் பியானோக்கள் போர்வைக்கடியில் நிற்கின்றன. வாசிக்காத பியானோ கெடாமல் இருக்கும் என்பது தவறான எண்ணம். மூடியே கிடந்தால்தான் பூச்சியும் பூஞ்சையும் குடியேறும். உள்ளூர் கலைஞர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டால், அந்தப் பணத்திலேயே ஆண்டுக்கு இரண்டு முறை சுருதி சேர்த்துவிடலாம். ஜூன் 21 இசைத் திருநாளுக்கு முன்பாக, விருப்பமுள்ள நிறுவனங்களின் பட்டியலை நீங்கள் வெளியிட்டால் உதவியாக இருக்கும். பட்டியலில் பியானோ எந்தக் கம்பெனியுடையது, கடைசியாக எந்த மாதம் சுருதி சேர்த்தார்கள், ஏ ஸ்வரம் இப்போது எத்தனை ஹெர்ட்ஸில் நிற்கிறது, மாடியா தரைத்தளமா என்ற நான்கு விவரம் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
பியானோ சுருதி சேர்ப்பவர் ஒருவரும் ஒலிப்பதிவாளர் ஒருவரும்,
புதுச்சேரி.